எமிலின் ஊரில் ஒரு பீலி

ஐரோப்பிய வரலாற்றுக்கு மார்க் போடும் வேலை எனக்குக் கிடைத்தபோது என்னிடம் இருந்த ஒரே தகுதி, என் கைகள் குளிர்ந்துபோயிருந்தன என்பதுதான்.

கொடைக்கானல் ஏழு ரோட்டுக்குக் கீழே அப்துல் சலாமுக்கு ஒரு கடை. முன்பக்கம் யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும். பின்பக்கம் பலகை அடைத்து மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் என்று எழுதியிருந்தான். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கண்ணாடி முகமும் பின்னால் பெரிய முதுகும் உண்டு. முதுகில் வரிவரியாக ஓட்டை. அதன் வழியாக வெதுவெதுவென்று சூடு வரும். ஊரில் எல்லோரும் காசு கொடுத்து முகத்தைப் பார்த்தார்கள். நான் முதுகுப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்டர்நெட்டைப் பின்பக்கமாகப் பார்த்தவன் பழனி மலை முழுவதிலும் நான் ஒருவன்தான்.

"மாமா, மானிட்டர் ஒண்ணும் அடுப்பு இல்ல," என்றான் சலாம் ஒருநாள். "கஸ்டமருக பயப்படுறாக. படம் பாத்துக்கிட்டு இருக்கும்போது ரெண்டு பக்கமும் ரெண்டு கை மொளைக்குதாம்."

"கை இருக்கிறது நல்லதுதானே மாப்ள. தலை முளைச்சாத்தான் பயப்படணும்."

"சோலி இல்லாம இப்படி உக்காந்து கெடக்கீகளே, ஒரு சோலி தந்தா செய்வீகளா?"

அந்தச் சோலி இதுதான். பெங்களூரில் ஒரு கம்பெனி, ஐரோப்பிய அரசியலும் வரலாறும் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டி தயார் செய்துகொண்டிருந்தது. இன்டர்நெட்டில் எந்தப் பக்கத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொல்கிற வழிகாட்டி. சலாமின் மச்சினன் வாங்கிக் கொடுத்த வேலை. சலாம் முதலில் தானே செய்து பார்த்திருக்கிறான். யார் மனதையும் நோகடிக்க வேண்டாம் என்று எல்லாப் பக்கத்துக்கும் முழு மார்க் போட்டுவிட்டான். கம்பெனியில் இதைக் கவனித்துக்கொண்ட சத்தியபிரியா என்ற பெண், உலகத்தில் இவ்வளவு உண்மை இருக்க வாய்ப்பில்லையே என்று போன் செய்துவிட்டாள்.

என்னிடமும் அவளே போனில் பேசினாள்.

"ஐயா, நீங்க ஐரோப்பா போயிருக்கீங்களா?"

"நான் போனதில்லம்மா. ஐரோப்பாதான் எங்ககிட்ட வந்திருக்கு."

அதில் பொய் இல்லை. நான் பிறந்தது ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் கிளார்க்காக இருந்தவன். அங்கே பிடித்த இங்கிலீஷ்தான் இன்றுவரை ஓடுகிறது. பிறகு இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, உங்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். நானும் என் சம்சாரம் மாரியாயியும் இங்கே என்கிற கணக்கில் வந்தோம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, கொடைக்கானலில் மரம் நடப் போனோம். மரம் வளர்ந்ததும் அந்த வேலை முடிந்தது. அப்புறம் நான் பாறை முனையில் நின்று டூரிஸ்டுகளுக்கு விளக்கம் சொல்லிப் பிழைத்தேன்.

விளக்கம் என்றால், பொய். பழனிப் பக்கத்திலிருந்து ஏறும் மஞ்சு, அதாவது மூடுபனி, பஞ்சாமிர்த வாசம் அடிக்கும், தேனிப் பக்கத்து மஞ்சு ஏலக்காய் வாசம் அடிக்கும் என்று சொல்வேன். பூனாவிலிருந்து வந்த ஒரு தம்பதி வெகுநேரம் முகர்ந்து பார்த்தார்கள். கணவனுக்கு ஏலக்காய் கிடைத்தது, மனைவிக்கு வாழைப்பழம். கூக்கால் ஏரி மீன்களுக்குக் குளிர் தாங்காமல் உடம்பில் ரோமம் உண்டு, சீசனுக்கு முன்னால் ஒருமுறை வெட்டிவிட வேண்டும் என்று சொன்னதை ஒரு ஜெர்மன்காரர் எழுதி வைத்துக்கொண்டு போனார். ஆகவே மற்றவர்களின் பொய்க்கு மார்க் போட என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று சத்தியபிரியாவிடம் சொன்னேன். அவள் கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிக்காரி. கொய்யாவை அமுக்கிப் பார்த்து எடுப்பதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் அமுக்கிப் பாருங்கள், அது போதும் என்றாள்.

அமுக்கிப் பார்க்க ஐந்து கேள்விகள் தந்தாள். யார் எழுதியது? எப்போது எழுதியது? ஆதாரம் என்ன? எந்தப் பக்கம் சாய்கிறது? எழுதியவருக்கும் பொருளுக்கும் என்ன உறவு? ஒரு பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். இருவரும் போட்ட மார்க் ஒத்துப்போக வேண்டும். அந்த இன்னொருவர் யார், எந்த ஊர் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் நல்ல மனிதர், என்னைவிட அரை மார்க் குறைவாகப் போடுவார்.

நான் ஒரு கையால் மானிட்டரின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டுவேன்.

"மாமா, ஐரோப்பாவக் கொஞ்சம் விடுங்க, மூச்சு முட்டிரப் போவுது," என்பான் சலாம்.

விதவிதமான பக்கங்கள் வந்தன. ஒன்றில் ஒரே ராஜா இரண்டு தடவை செத்திருந்தார், இரண்டாவது சாவுதான் விவரமாக இருந்தது. ஒரு கட்சி தன் வரலாற்றை எழுதியிருந்தது. கட்சி ஜெயித்த வருஷத்துக்கெல்லாம் பக்கம் திறந்தது, தோற்ற வருஷத்தைத் தொட்டால் மண்வெட்டியோடு ஒரு பொம்மை ஆள் வேலை நடக்கிறது என்று சொல்லிக் குழி வெட்டிக்கொண்டே இருந்தான். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய ஒரு பக்கத்தில் முதலில் பதினைந்து நாடு, கீழே போனால் இருபத்தைந்து. தப்பு என்று முட்டை போடப் போனேன். பிறகுதான், மேல்பாதியை எழுதியவர் புதிதாகப் பத்து நாடுகள் சேர்வதற்கு முன்பே தூங்கப் போய்விட்டார் என்று புரிந்தது. இரண்டாவது கேள்வி அதற்குத்தான்.

இந்த வேலையில் எனக்கு ஐந்தாவது கேள்விதான் பிடிக்கும். ஏனென்றால் அது எங்கள் கேள்வி.

மண்டபம் கேம்ப்பில் நாங்கள் கிடந்தபோது யார் வேண்டுமானாலும் வந்து, நானும் உங்க தோட்டம்தான் என்பார்கள். பெண் கேட்க வருபவன் சொல்வான், வரிசையில் முன்னால் நிற்க இடம் கேட்பவன் சொல்வான். துரையின் பெயரைக் கேட்டால் சரியாகச் சொல்வான். டிவிசன், குடியிருந்த லயத்து வரிசை, தபால் முத்திரை எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அதனால் எங்கள் ஆட்கள் அதைக் கேட்பதே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள். பீலி எந்தப் பக்கம்?

பீலி என்பது மலையிலிருந்து வரும் தண்ணீரை மூங்கிலில் இறக்கி விழவைக்கிற இடம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்தத் தோளில் குடத்தை ஏற்ற வேண்டும் என்பதைக் குடம் தூக்கியவன் யோசிக்காமல் சொல்வான். தூக்காதவன் வானத்தைப் பார்ப்பான்.

எங்கள் தோட்டத்துப் பீலிக்கு இடது பக்கம் நிற்க வேண்டும். வலது பக்கம் பாசி. கீழே ஒரு கல், குடம் வைத்து வைத்து நடுவில் வட்டமாகக் குழிந்திருக்கும். கல்லுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு நண்டு உண்டு, அதற்கு ஒரு கொடுக்கு பெரிது, ஒன்று சின்னது. விரலை விட்டுவிட்டு அழாமல் திரும்பி வருவதுதான் எங்கள் பிள்ளைகளின் பரீட்சை. நான் பரீட்சையில் தோற்றவன். ஆள்காட்டி விரலில் தழும்பு இருக்கிறது.

இது முழுக்க உண்மை. அதுதான் சங்கடம். பாறை முனையில் அத்தனை வருஷம் நின்றவன் வாயிலிருந்து இது வந்தால் யார் நம்புவார்கள்? சலாமிடம் சொன்னேன். அவன் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நண்டுக்கு ரேஷன் கார்டு உண்டா மாமா?" என்றான். விரலைக் காட்டினேன். "அருவா வெட்டுல்ல இது?" என்றான்.

அந்த நண்டைப் பார்த்தவர்கள் கொடைக்கானல் மலையில் மூன்று பேர் இருந்தோம். மாரியாயி முதலில் போனாள். அப்புறம் கூக்காலில் பூண்டு போட்டுக்கொண்டிருந்த சின்னக்கருப்பன். அந்த ஊருக்கு பஸ் இருப்பதே அபூர்வம், ஆனாலும் ஏறிப் போய் அவனோடு உட்கார்ந்து பெரிய கொடுக்கு இடதா வலதா என்று சண்டை போட்டுவிட்டு வருவேன். அவன் வலது என்பான். போன தை மாதம் அவனும் போனான். அதற்குப் பிறகு பெரிய கொடுக்கு எந்தப் பக்கம் என்பதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. ஜெயித்துவிட்டேன். இதைவிட மோசமான ஜெயம் ஐரோப்பிய வரலாறு முழுவதும் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐப்பசி மழையில் வந்ததுதான் எமிலின் பக்கம்.

எமில் டிராம் வண்டியில் டிக்கெட் கிழித்து ரிட்டயர் ஆனவர். ஏதோ ஒரு பெரிய நகரத்தில் தனியாக இருந்தார். அவருடைய பக்கம், பழைய எல்லை மலையில் இருந்த ஒரு சின்னக் கிராமத்தைப் பற்றியது. அதன் பெயரை நான் எழுதினால் வெறும் மெய்யெழுத்தாகத்தான் வரும். அந்தப் பக்கத்து ஊர்களில் உயிரெழுத்துக்குப் பஞ்சம். யுத்தம் முடிந்ததும் பெரிய சர்க்கார்கள் உட்கார்ந்து கோடு போட்டன. இந்த மொழி பேசுகிறவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று ரயிலில் ஏற்றிவிட்டார்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் இப்போது காடு.

நான் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் மேலே படித்தேன்.

அப்பழுக்கில்லாத பக்கம். ஒப்பந்தத்தின் ஷரத்துகள், ரயில் நம்பர், கோயில் பதிவேடு, வரி கட்டியவர்களின் வீட்டு எண், எல்லாம் இருந்தது. ஒரு வரிக்கு மூன்று அடிக்குறிப்பு. யாரையும் திட்டவில்லை, எந்தப் பக்கமும் சாயவில்லை. அந்த இன்னொருவர்கூட முழு மார்க் போட்டுவிட்டார். எனக்கு மட்டும் ஐந்தாவது கேள்வியில் கை நின்றது. எழுதியவருக்கும் பொருளுக்கும் என்ன உறவு? 'நான் அங்கே பிறந்தவன்' என்று எமில் எழுதியிருந்தார். ஆனால் பக்கம் முழுவதும் தேடிவிட்டேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"போட்டுத் தள்ளுங்க மாமா வெரசா, கரெண்டு போயிரும்," என்றான் சலாம்.

நான் எமிலுக்கு ஒரு மெயில் எழுதினேன். ஐயா, உங்கள் பக்கத்தை மதிப்பிடுகிறவன் நான். ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஊரில் தண்ணீர் எங்கே எடுப்பீர்கள்?

கரெண்டு போனது, வந்தது. மழை விட்டது, பிடித்தது. பதில் வரவில்லை. சரி, ஆள் வானத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் வந்தது. அவருடைய இங்கிலீஷும் என்னுடையதுபோலவே, பாஷை தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் ஓடும் இங்கிலீஷ்.

"இதுவரை என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. ரயிலில் ஏற்றியபோது எனக்கு இரண்டு வயது. ஒன்றும் ஞாபகம் இல்லை. அம்மா அந்த ஊரைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நான் முப்பது வருடம் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்திருக்கிறேன். வரைபடத்தில் தேவாலயம் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, தண்ணீர் இல்லை. கேட்க இப்போது யாரும் உயிரோடு இல்லை. எனக்குத் தெரியாது. இதற்காக மார்க்கைக் குறைப்பீர்களா?"

சலாம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யார் மாமா?" என்றான்.

"சொந்தக்காரர்," என்றேன்.

நான் முழு மார்க் போட்டு அனுப்பிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. எமிலுக்கு எழுதினேன். ஐயா, நான் பாறை முனையில் கைடாக இருந்த காலத்தில் ஒரு கிழவி வந்தார். வெயிலுக்குக் குடை, கையில் வேகவைத்த கடலை. எந்த ஊர் என்று கேட்டேன். உயிரெழுத்தே இல்லாத ஒரு பெயரைச் சொன்னார். இப்போதுதான் அது உங்கள் ஊர் என்று விளங்குகிறது. அவர் தண்ணீரைப் பற்றி நிறையப் பேசினார்.

எழுத எழுத வந்தது. ஊரின் மேல்கோடியில், கடைசி வீட்டு வரிசைக்குப் பின்னால், பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வரும். மூங்கில் என்று தட்டப்போன விரலை நிறுத்தினேன். அவர்கள் மலையில் மூங்கில் ஏது? ஊசியிலை மரத்தைக் குடைந்து வைத்திருந்தார்கள் என்று மாற்றினேன். குடத்தை வாளியாக்கினேன். கீழே குழிந்த கல். வலது பக்கம் பாசி. ஆகவே எல்லோரும் இடது பக்கம் நின்று இடது தோளில் ஏற்றுவார்கள். கல்லுக்கு அடியில் ஒரு நண்டு.

அன்றைக்கே பதில் வந்தது.

"அவர் பெயர் என்ன?"

"வாயில் கடலை இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை," என்று எழுதினேன்.

அடுத்த மெயில் நீளமாக இருந்தது. "என் அம்மா சாகும்வரை இடது தோள் கொஞ்சம் இறங்கித்தான் நடந்தாள். நகரத்து டாக்டர்கள் முதுகெலும்பு என்றார்கள். தெருப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். நானும் ஒருநாள் செய்திருக்கிறேன். வாளி என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே."

நான் மானிட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பொய் சொல்லிப் பழகியவனுக்கு ஒரு மரியாதை உண்டு, சொன்ன பொய் போய் எங்கே ஒட்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டது.

அந்த மழைக்காலம் முழுவதும் எமில் கேட்டார், நான் சொன்னேன். தண்ணீர் எடுக்க யார் முதலில் வருவார்கள்? கோழி கூப்பிடும் முன்னே வெள்ளனே வந்து இடம் பிடிக்கிற ஒரு பெண்ணைச் சொன்னேன். அது மாரியாயி, அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை போட்டுவிட்டேன். வரிசையில் சண்டை உண்டா? இல்லாமலா? பெரிய கொடுக்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் சண்டை போட்ட சின்னக்கருப்பனை ஒரு நொண்டித் தச்சனின் மகனாக்கி அனுப்பினேன். வாளி நிறையும்போது சத்தம் எப்படி மாறும் என்று எமில் கேட்டார். முதலில் வெண்கலம், பிறகு மண், கடைசியில் சத்தமே இல்லை என்று எழுதினேன். நாற்பது வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. பிரவுசிங் சென்டருக்குக் கடை திறக்கும் முன்பே போய் ஷட்டர் பக்கத்தில் நிற்கத் தொடங்கினேன்.

"ஏன் மாமா," என்றான் சலாம், "அந்த ஹட்டன் தண்ணியை வெள்ளக்காரருக்கு ஊத்திக்கிட்டு இருக்கீகளா?"

"நீதான் குடிக்க மாட்டேன்னுட்டியே மாப்ள."

மார்கழியில் சத்தியபிரியாவிடமிருந்து போன் வந்தது. அந்தப் பெண் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கோபம் இல்லை, வருத்தமாக இருந்தாள்.

"ஐயா, நீங்க முழு மார்க் போட்டீங்கல்ல, அந்தக் காலியான ஊர். அவர் புதுசா ஒரு பகுதி சேர்த்திருக்கார், பாத்தீங்களா? 'தண்ணீர்'னு தலைப்பு. அதுல ஒரு அடிக்குறிப்புகூட இல்ல. எங்க புரொபசர் ஒருத்தர் பாத்துட்டு, அந்தக் குளிர்ல, அந்த உயரத்துல, ஊற்றுக்கல்லுக்கு அடியில எப்படி நண்டு இருக்கும்னு கேக்குறார். ஒரு இடத்துல பொய் இருந்தா மொத்தப் பக்கத்தையும் நம்பகமில்லைன்னு போட்டுருவாங்க. அப்பறம் எந்தப் பிள்ளையும் அதைத் திறக்காது."

"அந்த இன்னொரு ஆள் என்ன சொல்றார்?"

"முட்டை போட்டுட்டார். இனி பாக்கி நீங்கதான், உங்க பதில் வந்ததும் முடிவு பண்ணிருவோம். அவர்கிட்ட அந்தப் பகுதியை எடுக்கச் சொல்லிப் பாருங்களேன். முப்பது வருஷ உழைப்பு ஐயா, ஒரு நண்டுக்காகப் போகணுமா?"

நான் பக்கத்தைத் திறந்தேன். எமில் எழுதியிருந்தார். ஊரின் மேல்கோடி, குடைந்த மரம், குழிந்த கல், இடது தோள். வெண்கலம், மண், மௌனம். எல்லாம் என் பீலி, ஆனால் அதன்மேல் பனி விழுந்திருந்தது. நான் அனுப்பாத ஒன்றும் இருந்தது. 'அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீருக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். அந்தச் சில்லிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது.'

மஞ்சு இறங்கிக் கடை வாசல்வரை வந்து நின்றிருந்தது. தெருவில் குதிரைக்காரன் ஒருவன் வராத டூரிஸ்டைக் கூவிக்கொண்டிருந்தான். எமிலிடம் நேரடியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழக்கமும் இல்லை. நண்டை மட்டும் எடுத்துவிட முடியுமா, சில அறிஞர்கள் ஆட்சேபிக்கிறார்கள், கிழவிக்கு வயதாகிவிட்டது, மாற்றிச் சொல்லியிருக்கலாம், எடுத்துவிட்டால் முப்பது வருஷ உழைப்பும் தப்பிக்கும் என்று எழுதினேன்.

பதில் சுருக்கமாக இருந்தது.

"மற்றதில் எதைச் சொன்னாலும் எடுக்கிறேன். நண்டை எடுக்க முடியாது. எனக்கு மிகத் தெளிவாக ஞாபகம் இருப்பதே அதுதான். அது என் விரலைக் கடித்தது."

நான் என் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். தழும்பு அங்கேயேதான் இருந்தது, எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது, அரிவாள் வெட்டாக இருக்குமோ என்று.

இனி நான் செய்யக்கூடியது இரண்டுதான். கிழவி இல்லை, கடலை இல்லை, அது எங்கள் தோட்டத்துத் தண்ணீர் என்று எழுதினால் புரொபசர் சமாதானம் ஆவார். எமில் அதைப் படித்துவிட்டு அந்தப் பகுதியை எடுப்பார், பக்கம் தப்பும். மறுபடி வரைபடத்தில் தேவாலயம் இருக்கும், பள்ளி இருக்கும். அவருடைய அம்மாவின் தோள் மறுபடி முதுகெலும்பு வியாதி ஆகிவிடும். இல்லையென்றால் வேறு மாதிரி எழுத வேண்டும்.

படிவத்தில் எமில் பக்கத்தைத் திறந்தேன். ஆதாரம் என்ன என்ற கேள்விக்குக் கீழே ஒரு துணைக் கேள்வி உண்டு. இந்தத் தகவலை வேறு யாராவது உறுதி செய்ய முடியுமா?

'முடியும்' என்று தட்டினேன். 'மதிப்பிடுபவர் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். நண்டையும் நேரில் அறிவார்.'

பொய்க்கு மார்க் போடும் வேலையில் நான் எழுதிய வாக்கியங்களில் இது ஒன்றுக்குத்தான் அடிக்குறிப்பு தேவையில்லை. அனுப்பினேன்.

சத்தியபிரியா உடனே போன் செய்தாள். முதலில் சிரித்தாள். "ஐயா, உங்ககிட்ட இதுதான்! பாறை முனைக் கதையெல்லாம் படிவத்துல எழுதலாமா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க," என்றாள்.

"நீ உன் வேலையைச் செய் தாயி. நான் எழுதினது எழுதினதுதான்."

அவள் நல்ல பெண். புரொபசரோடு மல்லுக்கட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். தை பிறந்ததும் வழிகாட்டி வெளியானது. எமிலின் பக்கம் குப்பைப் பட்டியலுக்குப் போகவில்லை. வரலாறு என்ற தலைப்பிலிருந்து இறக்கி, கடைசியில் 'நினைவுகள்' என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டே நட்சத்திரம். 'ஒரு முதியவரின் சொந்த ஞாபகங்கள். சான்றாகக் கொள்ள வேண்டாம்' என்று ஒரு குறிப்பு.

எமிலுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் நாளைக் கடத்தினேன். அவரே பார்த்துவிட்டு எழுதினார்.

"பார்த்தேன். முப்பது வருடம் வரலாறு வைத்திருந்தேன், ஐந்து நட்சத்திரத்தோடு. என்னுடையது ஞாபகம் என்று இவர்கள் எழுதியிருக்கிறார்கள். அச்சிலேயே எழுதியிருக்கிறார்கள். இதற்கு முன் எனக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அந்தக் கிழவிக்கும் உங்களுக்கும் என்ன கைம்மாறு செய்வேன்? உங்களைப் பற்றி நான் ஒன்றுமே கேட்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. நீங்களும் வேறு எங்கிருந்தோ வந்தவர் என்று ஒருமுறை எழுதினீர்கள். உங்கள் ஊரில் தண்ணீர் எங்கே எடுப்பீர்கள்?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஆளாகப் பிடித்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பவர் கிடைத்துவிட்டார், நம்பவும் செய்வார். சொன்னால் ஒரு வரியில் சொல்லலாம். மேல்கோடி, இடது பக்கம், குழிந்த கல். ஆனால் ஒரு பீலியில் இரண்டு ஊர் தண்ணீர் எடுக்க முடியாது.

'எங்களுக்குக் குழாய்தான் ஐயா' என்று தட்டினேன். 'திருகினால் வரும். சொல்வதற்கு ஒன்றும் இல்லை.'

அனுப்பிவிட்டு மானிட்டரின் முதுகுப்பக்கம் ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். சலாம் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அவருக்கு என்ன மாமா எழுதினீக? முகம் ஒரு மாதிரி கெடக்கு."

"எங்க தோட்டத்துல குழாய்னு எழுதினேன்."

"என்னமோ பீலி, நண்டுன்னு அளப்பீகளே?"

"அதெல்லாம் பொய் மாப்ள."

"அதான் எனக்குத் தெரியுமே," என்றான் சலாம், சிரித்துக்கொண்டே. தைலப் பாட்டில்களைத் துடைக்கத் திரும்பினான்.

நான் இரண்டு கையையும் சூட்டில் வைத்துக்கொண்டேன்.